தேர்ட் இன்ஜினியருக்கு, தூத்துக்குடியிலிருந்து

உன் அம்மா முன்னால்தான் 'என்னங்க'. இங்கே 'நீ'தான், சண்டைக்கு வராதே.

நேற்று பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஆடிக்காற்றில் பறக்கும் முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையில் பாப்பா, மறு கையில் போன், அதில் கப்பல் மேப். உன் கப்பல் இன்னும் மலாக்கா நீரிணையின் வாசலில்தான் நிற்கிறது. பதினாறு நாளாக! கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு எட்டாத தூரம் போய்விட்டால் இலவச மேப்பில் அப்படித்தான் நிற்கும், கப்பல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். புத்திக்குத் தெரியும். விரலுக்குத்தான் தெரியவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது.

உன் ஆச்சி சிரிக்கிறார். தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்த காலத்தில் தோணி திரும்பி வந்து நின்றால்தான் ஆள் இருக்கிறார் என்றே தெரியுமாம். "ஒனக்கு மெசேஜாவது வருதுல்ல" என்கிறார். சரிதான். ஆனால் உன் மெசேஜைப் பற்றித்தான் எனக்குப் புகாரே.

முந்தாநாள் வந்த வாய்ஸ் நோட்டை எடுத்துக்கொள். மொத்தம் ஒன்றரை நிமிடம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாயா, பாப்பாவுக்குச் சளி போனதா, அப்புறம் போகிற போக்கில், "போன வாரம் நைட் வாட்ச்ல சின்ன பிளாக்அவுட், சரியாயிடுச்சு." கப்பல் முழுக்க கரண்ட் போவது சின்ன பிளாக்அவுட்டா! நானும் உன்னோடு ஐந்து வருடம் குப்பை கொட்டியவள், எனக்கும் கொஞ்சம் தெரியும். ஜெனரேட்டர் ட்ரிப் ஆனால் மெயின் இன்ஜினும் நிற்கும், ஸ்டியரிங் போகும், நடுக்கடலில் அவ்வளவு பெரிய இரும்பு அலை தள்ளும் பக்கமெல்லாம் உருளும். 45 விநாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் தானாக வந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறதே, அந்த இருட்டில் நின்று நீ அதை எண்ணினாயா? ஜெனரேட்டர் உன் பொறுப்பு என்பதால் அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றியதும் நீதான் என்று குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாய். இதையே வேறு ஒருவன் செய்திருந்தால் மாமனார் வீட்டு விருந்தில் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், எரிச்சலாக வருவதும் அதுதான். பெரியதை எல்லாம் சின்னதாக்கிச் சொல்கிறாய். செங்கடலில் 2023 கடைசியில் தாக்குதல் தொடங்கியதிலிருந்து சூயஸை விட்டு ஆப்பிரிக்காவையே சுற்றுகிறீர்கள், சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்குச் சுமார் 3,500 கடல் மைல் கூடுதல். நீ சொன்னது என்ன? "மேற்கே போறோம்ல, கடிகாரத்தைப் பின்னாடி வைக்கிற அன்னைக்கு எங்களுக்கு 25 மணி நேரம், ஜாலி." அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு வாட்சுக்கும், அதாவது டியூட்டி முறைக்கும், இருபது நிமிடமாகப் பிரித்து உன் தலையிலும் கட்டுவார்கள் என்பது போன தடவை வாய் தவறி வந்தது.

இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நெருங்கியிருப்பாய். அங்கே குளிர்காலம், அலை மோசமான மாதம். நீ சொல்ல மாட்டாய். வாய்ஸ் நோட்டில் உன் குரலுக்குப் பின்னால் ஏதோ உருண்டு போய் இடித்துத் திரும்பி வருமே, அதை வைத்து நானே தெரிந்துகொள்வேன். அந்த இரைச்சலோடு சேர்த்துத்தான் உன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒன்றரை நிமிடத்தை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

தேர்ப் பவனிக்கு வர முடியாது, தெரியும். ராட்டர்டாமில் உனக்குப் பதில் ஆள், அந்த ரிலீவர், வந்து நீ சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்கினால் போதும். மக்ரூன் வாங்கி வைக்க மாட்டேன், வந்து நாமே கடைக்குப் போகலாம்.

உனக்கு விடிகாலை 4 மணிக்கு வாட்ச் முடியும்போது இங்கே ஏழரை. பாப்பாவின் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருப்பேன், பரவாயில்லை, கூப்பிடு. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவிட்டேன். அதைக் கேட்டு டேட்டாவைத் தீர்க்காதே.