நம்ம ஜவ்வரிசி ஏன் பளீர் வெள்ளையாக இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைகளில் கிடைக்கிற ஜவ்வரிசி பளபளவென்று வெள்ளையாக இருக்கிறதே, உங்களுடையது மட்டும் ஏன் லேசாகப் பழுப்பு கலந்து இருக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். போனில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. இதற்கும் எங்கள் மில்லிலிருந்து வெளியேறுகிற தண்ணீருக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால், இந்த மடலில் முழுதாகவே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மில் ஆத்தூர் பக்கம். ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்துச் சலித்து, அந்த மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய விடுவோம். மாவு அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தண்ணீரை இறக்கிவிட வேண்டும். கிழங்கு கழுவிய தண்ணீரில் பெரும்பாலும் மண்தான், அதைச் சமாளித்துவிடலாம். சலித்ததில் மிஞ்சுகிற சக்கையான திப்பியும் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் பெரிய வேலை. படியாமல் தப்பிய மாவு, சர்க்கரை, கிழங்கில் இயற்கையாகவே இருக்கிற சயனைடில் ஒரு பங்கு, எல்லாம் அதில் கரைந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றாலே புளித்துவிடும். அதை அப்படியே ஓடையில் விட்டால், அந்த மாவையும் சர்க்கரையும் தின்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையும் காலி செய்துவிடும், மீன் பிழைக்காது. திருமணிமுத்தாறும் எங்கள் வசிஷ்ட நதியும் பட்ட பாட்டைச் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊர்ச் சாக்கடையோடு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைக் கழிவுக்கும் அதில் பங்கு உண்டு.

தண்ணீரின் இந்த ஆக்சிஜன் பசியை பிஓடி என்று அளக்கிறார்கள். ஆற்றில் விடுவதென்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், பாசனத்துக்கு நிலத்தில் விடுவதென்றால் 100க்குள். தொட்டியிலிருந்து இறங்குகிற சேகோ தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். நாங்கள் வயலுக்குத்தான் பாய்ச்சுகிறோம், அதனால் அங்கிருந்து 100க்குக் கீழே கொண்டுவருவதுதான் எங்கள் தினசரி வேலை.

முதலில் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை முறிப்போம், அப்புறம் காற்றுப் புகாத மூடிய கலனுக்கு அனுப்புவோம். சாண எரிவாயு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, உள்ளே இருக்கிற பாக்டீரியாக்கள் மாவையும் சர்க்கரையும் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றிவிடும். ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பு அந்த வாயுவில்தான் எரிகிறது, விறகுச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது. கலனிலிருந்து வருகிற தண்ணீருக்கு அடுத்த குட்டையில் காற்றடித்துத் தெளிய வைப்போம்.

வெள்ளை நிறம் குறுக்கே வருவது இங்கேதான். கண்ணைப் பறிக்கிற வெள்ளைக்காக மாவுப்பாலில் ப்ளீச்சிங் பவுடரும் கந்தக அமிலமும் சேர்க்கிற பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. சேர்த்தால் அவை கலனுக்கும்தான் வரும். க்ளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். கந்தக அமிலத்திலிருந்து வருகிற சல்ஃபேட்டைப் பிடித்துக்கொண்டு வேறொரு வகை பாக்டீரியா பெருகி, மீத்தேனுக்குப் போக வேண்டிய உணவைப் பங்கு போட்டுக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடும். படுத்துப்போன கலனை மறுபடி சாணிக் கரைசல் ஊற்றி எழுப்ப வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கழிவு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். ப்ளீச்சில் இருக்கிற உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது, அது கடைசி வரை தண்ணீரிலேயே இருந்து வயலில் போய்ச் சேரும். அதனால் நாங்கள் இரண்டையும் சேர்ப்பதில்லை, நிறம் கிழங்குக்கு உள்ளதுதான்.

சரி, 100க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக ஒரே வயலில் கொட்டிக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. மிச்சத்தை முடிப்பது மண்ணில் இருக்கிற உயிர்கள், அவற்றுக்குக் காற்று வேண்டும். ஓயாமல் தண்ணீர் நின்றால் மண்ணின் கண்கள் அடைபட்டு வேர் அழுகும், காற்றில்லாத மண்ணிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து பக்கத்துக் கிணறுவரை போகும். அதனால் நிலத்தைப் பாத்தி பிரித்து, ஒன்றுக்குப் பாய்ச்சினால் மற்றவற்றைக் காயவிடுகிறோம். கம்பு நேப்பியர் புல்லும் தென்னையும்தான் போட்டிருக்கிறோம். கிழங்கிலிருந்து வருகிற சாம்பல் சத்தையும் தழைச்சத்தையும் புல் இழுத்துக்கொள்ளும், அறுத்து எடுத்தால் சத்து நிலத்தைவிட்டு வெளியே போய்விடும், அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் ஆயிற்று. பச்சையாகச் சாப்பிடுகிற எந்தக் காய்க்கும் இந்தத் தண்ணீரைப் பாய்ச்ச மாட்டோம். வயலின் கீழ்ப்பக்கம் ஒரு கிணறு இருக்கிறது, அந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எங்களுக்கு உண்மையான மதிப்பெண் போடுவது அந்தக் கிணறுதான் என்று நம்புகிறோம்.

சிக்கல் வடகிழக்குப் பருவமழையில்தான். கிழங்கு வரத்து சூடுபிடிக்கிற அதே அக்டோபர், நவம்பரில் மண் ஊறிக் கிடக்கும், பாய்ச்சினால் ஓடைக்குத்தான் வழிந்து போகும். சேமிப்புக் குட்டையில் தேக்கி வைக்கிறோம். குட்டை நிறைந்துவிட்டால் அரைப்பதை நிறுத்திவிடுவோம், வெளியே திறந்துவிடுகிற பேச்சே இல்லை. அந்த நாட்களில் களத்தில் வெயிலும் இருக்காது, சரக்கு எப்படியும் தாமதமாகும்.

எனவே தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வேண்டியதைச் செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். காய்ந்த ஜவ்வரிசி, ஈரம் படாத டப்பாவில் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். மில்லையும் வயலையும் நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஆலை ஓடுகிற எந்த நாளிலும் வரலாம்.

அன்புடன்,
மில் குடும்பத்தார், ஆத்தூர்