தினமும் தண்ணீர் மாற்றும் வாணிக்கு

அன்புள்ள வாணி,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். படிக்கும் மேசையின் ஓரத்தில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், அதில் ஒற்றை நீல ஃபைட்டர் மீன், அடியில் சிவப்பும் பச்சையுமாகச் சாயக் கற்கள். "தினமும் முழுத் தண்ணியையும் மாத்துறேன், கல்லைக்கூட தேய்ச்சுக் கழுவுறேன், ஆனாலும் மீன் மேலேயே நிக்குது, வால் நுனி கிழியுது" என்று எழுதியிருக்கிறாய். உன் அக்கறையில் குறையே இல்லை. ஆனால் அந்தத் தினசரிக் கழுவல்தான் மீனை வாட்டுகிறது.

ஃபைட்டர் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கு இருப்பதுபோல இதற்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு உண்டு. அதைக் கொண்டு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமில்லாத ஓடைகளிலும் பிழைக்க அமைந்த ஏற்பாடு அது. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இதைச் சின்னஞ்சிறு டப்பாவில் வைத்து விற்க முடிவதும் அதனால்தான். "ஃபைட்டருக்கு மோட்டாரே வேண்டாம்" என்ற பேச்சும் அங்கிருந்தே வருகிறது. மூச்சுக்கு மோட்டார் வேண்டாம், சரி. ஆனால் கழிவுக்கு? மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே. நிறமில்லாத அந்த நஞ்சு கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். செவுளை எரிக்கும், துடுப்பை அரிக்கும். மேலே வந்து போகாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சென்னையின் போர் தண்ணீரில் இது இன்னும் மோசம். அம்மோனியா எவ்வளவு கடிக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். கடினமான போர் தண்ணீர் பெரும்பாலும் அந்த 8 பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

இந்த நஞ்சைத் தின்பதற்கென்றே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த உயிர்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் கண்ணாடியிலும், முக்கியமாக ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் ஒட்டித்தான் வாழும். புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீ ஒவ்வொரு நாளும் குழாய்த் தண்ணீரில் கல்லைத் தேய்க்கும்போது அவற்றைச் சாக்கடையில் விடுகிறாய். மெட்ரோ தண்ணீரென்றால் அதிலுள்ள குளோரின் மிச்சத்தையும் கொல்லும். மீனுக்கோ தினமும் புதிய வெப்பநிலை, புதிய பி.எச்.

இன்று இரவே செய்ய வேண்டியது: ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, குளோரின் நீக்கி, மீனிருக்கும் அறையிலேயே வை. கடைகளில் ஆன்டி குளோரின் என்று கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்தான். ஹைப்போ என்ற பெயரில் படிகமாக வாங்கினால் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்துவைத்து, 10 லிட்டருக்கு 1 மில்லி ஊற்றலாம். போர் தண்ணீரானால் இது தேவையில்லை. பெரிய தொட்டி வரும்வரை நாள்தோறும் கிண்ணத்தில் பாதித் தண்ணீரை மட்டும் எடுத்து, இந்த வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்று. கல்லைத் தொடாதே.

அடுத்து, தொட்டி. கிண்ணத்தில் ஃபில்டர் வைக்க இடமில்லை. நாலு லிட்டரில் ஒரு தீனி உருண்டை அழுகினாலே தண்ணீர் கெடும். 15 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரத்தில் 5 மி.மீ. கண்ணாடித் தொட்டி சொல்லி வாங்கு. கணக்குப்படி 24 லிட்டர் சொச்சம். கல்லும் மேல் இடைவெளியும் போக 20 லிட்டர் பக்கம் தண்ணீர் நிற்கும். எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்கு மேல் வரும். மடக்கு மேசை தாங்காது. மேசை தளம் துளி மேடுபள்ளமாக இருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஓரம் விடும், ஆகவே அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் போடு. முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி ஒருநாள் கசிவு பார்.

ஃபில்டருக்குச் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் மோட்டாரும் போதும். தொட்டிக்குள் போடும் பவர் ஃபில்டரின் ஓட்டம் நீளத் துடுப்புள்ள ஃபைட்டரை நாள் முழுக்க அலைக்கழிக்கும். காற்றுக் குழாயில் ஒரு கண்ட்ரோல் வால்வு போட்டுக் குமிழிகளைக் குறைத்துவை. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை, முடியாவிட்டால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கி மோட்டாரை நனைத்து, உன் மேசையையும் நனைக்கும். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். வழியும் துளி வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது.

சாயக் கற்களை விட்டுவிட்டு, சாயம் பூசாத சிறு ஆற்றுக் கல்லை ஒன்றரை அங்குலம் பரப்பு. கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசு, சோப்பு வேண்டாம். கல்லில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பார்: நுரைத்தால் சுண்ணாம்புக் கல், பி.எச்.சை இன்னும் ஏற்றும். கிளிஞ்சலும் பளிங்குத் துண்டும் அதே ரகம். செடியில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். கிழங்குபோன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகும், ஒரு கல்லில் நூலால் கட்டிவிடு. மணி பிளான்ட் கிளையின் வேரை மட்டும் தண்ணீருக்குள் இறக்கிவைத்தால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம், பாசி மூடும்.

மூடி அவசியம், ஃபைட்டர் துள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு அங்குலக் காற்றிடம் விடு.

மீன் இன்னும் வாங்காதவளாக இருந்தால் உன்னை ஐந்தாறு வாரம் வெறும் தொட்டியை ஓட்டச் சொல்லியிருப்பேன். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டாலே நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும். (பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது போடுவார்களே நவச்சாரம், அது அம்மோனியம் குளோரைடு, தூய்மையானதாகக் கிடைத்தால் 20 லிட்டருக்கு 125 மில்லிகிராம் போட்டால் 2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம், அம்மோனியா வரும். கடைச் சரக்கின் தூய்மை தெரியாமல் போடாதே.) உன் மீனோ ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைக் கிண்ணத்தில் காக்கவைப்பதைவிட 20 லிட்டருக்கு மாற்றுவதே மேல். அதே அம்மோனியா ஐந்து மடங்கு தண்ணீரில் கரையும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால், அவர்களுடைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு, தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வந்து உன் ஃபில்டரோடு சேர்த்துக் கட்டு. காத்திருக்கும் வாரங்கள் வெகுவாகக் குறையும்.

மாற்றும்போது மீனைக் கிண்ணத் தண்ணீரோடு ஒரு டப்பாவில் எடுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் புதுத் தண்ணீர் சேர்த்து, முக்கால் மணி நேரம் கழித்து வலையில் அள்ளி விடு.

முதல் ஆறு வாரம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சொட்டு டெஸ்ட் கிட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் பார். எது 0.25 பி.பி.எம். தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, 0.5 ஆனால் பாதி. அம்மோனியா இறங்கும் நேரத்தில் நைட்ரைட் ஏறும். பலர் அம்மோனியா போய்விட்டதென்று நிம்மதியாகி இந்த இடத்தில்தான் மீனை இழக்கிறார்கள். நைட்ரைட் ஏறினால் ஒரு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து ஊற்று. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். முதல் வாரம் தண்ணீர் பால்போல் மங்கினால் பயந்து தொட்டியைக் காலி செய்துவிடாதே. தண்ணீரில் வேறு பாக்டீரியா பெருகியிருக்கிறது, தீனியைக் குறை, தானே தெளியும்.

இரண்டும் பூஜ்யமாக நின்றபின் வேலை சுருங்கிவிடும். வாரம் ஒருமுறை 5 லிட்டரைச் சிறு குழாயால் அடியழுக்கோடு உறிஞ்சி எடுத்து, அதே அளவு குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்று. அந்த எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை இரண்டு தடவை பிழி. குழாயடிக்குக் கொண்டுபோகாதே. வாரத்துக்கு நடுவே ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். போர் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றினால் தொட்டித் தண்ணீர் மாதாமாதம் இன்னும் கடினமாகிக்கொண்டே போகும்.

தீனியில்தான் எல்லோருக்கும் கை நீளும். ஃபைட்டரின் வயிறு மிகச் சிறியது. காலையில் மூன்று உருண்டை, மாலையில் மூன்று, வாரம் ஒருநாள் பட்டினி. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் எதுவும் போட வேண்டாம், பக்கத்து வீட்டாரிடம் டப்பாவையும் கொடுக்காதே. அன்பு மிகுதியில் ஒரே நாளில் ஒரு வாரத் தீனியும் இறங்கிவிடும்.

சென்னையின் மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். ஃபைட்டருக்கு 25 முதல் 28 வரைதான் சுகம். ஐஸ் கட்டி போடாதே. மூடியைத் திறந்து வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் ஆவியாதலாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறையானால் பிரச்சினை தலைகீழ்: தெர்மோஸ்டாட் உள்ள 25 வாட் ஹீட்டரை 26இல் வை.

கொசுவர்த்தி பற்றி அழுத்திச் சொல்கிறேன், வாணி. சுருள், திரவ மெஷின், ஸ்ப்ரே என்று எதிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்குத் தாங்கும் அளவு மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே ஊதுகிறது என்பதை நினைத்துக்கொள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டு.

வால் கிழிசல் தண்ணீர் சரியானாலே பெரும்பாலும் வளர்ந்துவிடும். கடையில் கொடுக்கும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றாதே, மெத்திலின் ப்ளூ உன் நுண்ணுயிர்ப் படையையும் சேர்த்துக் கொல்லும். மருந்து தேவைப்பட்டால் தனி டப்பாவில். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் வெப்பத்தை இரண்டு நாளில் 30க்கு ஏற்று. ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து தொடாது, உதிர்ந்து நீந்தும் பருவத்தில்தான் சாகும். வெப்பம் அந்தச் சுற்றை விரைவாக்கும். புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரம் வைத்தியத்தை நிறுத்தாதே.

"தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சக்கர் மீனைச் சேர்க்கச் சொல்வார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும், நிறையக் கழிக்கும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே அது பெருகி நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. கோல்ட் ஃபிஷ்ஷும் இந்தத் தொட்டிக்கு ஆகாது. இன்னொரு ஆண் ஃபைட்டர் வேண்டவே வேண்டாம்.

தெருவில் நாட்டு வாதாம் மரம் இருக்கிறதல்லவா? தானாய்ப் பழுத்துக் காய்ந்து விழுந்த பழுப்பு இலை ஒன்றை, பூச்சி மருந்து அடிக்காத இடத்திலிருந்து எடுத்துக் கழுவிப் போடு. தண்ணீர் டீ நிறமாகும். நம் கடினத் தண்ணீரில் பி.எச். பெரிதாக இறங்காது, ஆனாலும் ஃபைட்டருக்கு அந்த மங்கலும் இலை நிழலும் பிடிக்கும். சில வாரங்களில் இலையின் ஓரத்தில் எச்சில் நுரைபோல் குமிழிகள் சேர்ந்திருந்தால், அழுக்கென்று வழித்துவிடாதே. ஆண் மீன் முட்டைக்காகக் கட்டும் கூடு அது, பெண் இல்லாவிட்டாலும் கட்டும். அந்த வாரம் தண்ணீரை எதிர் மூலையில், கை வைத்து மெதுவாக ஊற்று.

அன்புடன்,
அண்ணன்