ஆடிட்டருக்கு ஒரு கணக்கு

அன்புள்ள ஆடிட்டருக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா? மீசைக்காரனைப் பார்த்தேன். அந்த ஊறுகாய் பாட்டிலை உன்னிடம்தான் இன்னும் கேட்கிறான், கொடுத்துத் தொலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய மாணவர் சங்கப் பணம் முழுவதையும் கண்காணிப்புக் கேமராவுக்குப் போடலாம் என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்குச் சம்மதமில்லை. போன வாரம் சங்கிலி பறிப்பில் பிடிபட்டவன் எங்கள் தெருப் பையன். சின்ன வயதில் நான் தூக்கி வைத்துக் கொஞ்சியவன். அவனைப் பிடிக்க எவ்வளவு செலவானாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அவன் நாலு வயதில் சும்மா தெருவில் திரிந்தபோது செலவு செய்ய ஆளில்லை.

"வரவு எங்கே?" என்பாய். கேள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்று ஓர் ஊர். 1962இல் டேவிட் வைக்கார்ட் என்ற உளவியலாளர் அங்கே ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பெரி பாலர் பள்ளித் திட்டத்தைத் தொடங்கினார். 123 பிள்ளைகளில் 58 பேரைக் கிட்டத்தட்ட குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போய்த் தாயோடு பேசுவார். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு கூட்டத்தையும் நாற்பது வயது வரை விடாமல் கவனித்தார்கள். ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பள்ளிக்குப் போனவர்களில் 36 சதவீதம், போகாதவர்களில் 55.

2000ஆம் ஆண்டு விலையில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு 15,166 டாலர். போட்ட ஒவ்வொரு டாலருக்கும் பொதுமக்களுக்குத் திரும்பியது 12.90 டாலர். அதில் 88 சதவீதம் குற்றம் குறைந்ததால் மிச்சமானது! நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் பிறகு கறாராகக் கணக்குப் போட்டு, போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் லாபம் என்றார். சின்னக் கூட்டம், ஒரே ஊர், எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் 7 சதவீதம் உனக்குக் கசக்குமா?

செலவு பள்ளிக்கூடக் கணக்கில் இன்றைக்கே விழுகிறது. மிச்சமோ இருபது வருடம் கழித்துப் போலீஸ், கோர்ட், சிறைக் கணக்குகளில் வருகிறது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுபவர் எவருமில்லை. நடக்காத திருட்டுக்கு ரசீது ஏது? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கேமரா ஒன்றிரண்டு இருக்கட்டும். மீதிப் பணத்தை அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் நீயே பேசு. கணக்கு என்றால் உன் பேச்சைத்தான் கேட்பார்கள். முடிவை எனக்கு உடனே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்