வண்டியை எடு, சாவியைக் கொடுக்காதே

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல ஆரம்பிக்க முடியவில்லை. நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. பேனாவை அழுத்தி எழுதியதில் தாளே சில இடங்களில் கிழிந்திருக்கிறது.

"தம்பி வெளியே வந்துவிட்டான், கார்தான் உள்ளே இருக்கிறது. கிடக்கட்டும். குடித்துவிட்டு ஓட்டியவனே போய் எடுத்து வரட்டும்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் கார் உன் பெயரில் இருக்கிறதே! அவன் போய் நின்றால் கவுன்ட்டரில் முகம் கொடுத்துக்கூடப் பேச மாட்டார்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர் வர வேண்டும். வர முடியாவிட்டால் அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வர வேண்டும். சில இடங்களில் அந்தக் கடிதத்துக்கு நோட்டரி முத்திரையும் கேட்பார்கள். இதற்கிடையில் பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டின் வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதுவும் உன் கணக்கில். அவனைத் தண்டிப்பதாக நினைத்து உன் பணத்தைத்தான் கரைக்கிறாய்.

போன வருஷம் மச்சான் இதே மாதிரி மாட்டியபோது கூட அலைந்தவன் நான் என்பதால்தானே என்னிடம் யோசனை கேட்கிறாய்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதி ஊருக்கு ஊர் மாறும், அதனால் எதற்கும் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

வழக்கு வேறு, வண்டி வேறு. நாங்கள் இதைப் புரிந்துகொள்ளாமல்தான் முதலில் திணறினோம். கேஸ் முடிந்தால்தான் கார் கிடைக்கும் என்று மச்சான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டிருந்தால் கார் சாட்சியப் பொருள் ஆகிவிடும். விசாரணை அதிகாரியோ நீதிமன்றமோ விடச் சொல்லும்வரை அதைத் தொட முடியாது. உன் தம்பி விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. நிறுத்தி ஊதச் சொன்னார்கள், அளவு தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஓட்டக்கூடியவர் வேறு யாரும் கூட இல்லாததால் காரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வண்டியைப் பெரும்பாலும் வழக்குக்குக் காத்திராமலே விட்டுவிடுவார்கள். இந்தியாவிலும் உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், பறிமுதல் செய்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் நெடுங்காலம் போட்டு வைப்பதில் எந்தப் பயனும் இல்லை, தக்க பத்திரமும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட் உடனே உத்தரவு போட வேண்டும் என்று சொன்னது. ஸ்டேஷன் வாசல்களில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பு எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் சில இடங்களில் குறைந்தபட்சம் இத்தனை நாள் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லும். கனடாவின் ஒன்டாரியோவில் ரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதத்தைத் தாண்டினால் கார் 7 நாள் உள்ளே. ஓட்டியவர் வேறு, உரிமையாளர் வேறு என்றாலும் விலக்கு கிடையாது. அதனால் போனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு கட்ட வேண்டும்" என்பது அல்ல. "வண்டி மேல் ஏதாவது தடை இருக்கிறதா, எப்போது நீங்கும்" என்று கேள். தடை நீங்காமல் யார்டுக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பொதுவாகப் போக வேண்டிய இடங்கள் இரண்டு. ஸ்டேஷனில் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும், அப்புறம்தான் யார்டு. ஸ்டேஷன் இரவும் பகலும் திறந்திருக்கும், ஆனால் கடிதம் தரும் எழுத்தர் இருக்கமாட்டார். யார்டில் ஆள் இருப்பார், கவுன்ட்டர் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிடித்த வண்டி திங்கட்கிழமைவரை நகராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நாள் கணக்கையும் கேட்டுக்கொள். இரவு பதினொன்றரைக்கு உள்ளே போன வண்டியை மறுநாள் மதியம் எடுத்தாலும் இரண்டு நாள் என்று போடுகிறவர்கள் உண்டு.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, ஆர்.சி., நடப்பில் இருக்கும் இன்ஷூரன்ஸ், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள ஒரு ஆள். இன்ஷூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பி. இல்லாவிட்டால் ரோட்டில் ஓட்டிப் போக விடமாட்டார்கள், கட்டி இழுத்துப் போகிற இன்னொரு டோ வண்டிக்கும் நீயே அழ வேண்டும். கார்க் கடன் இன்னும் முடியவில்லை என்றாயே, அந்தத் தாளையும் வைத்துக்கொள். யாரும் எடுக்க வராவிட்டால் யார்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஏலம் விடலாம். ஏலத்தில் போனாலும் கடன் உன் தலையில்தான் நிற்கும். கிடக்கட்டும் என்கிறாயே, கிடந்தால் இதுதான் நடக்கும்.

ஒன்று விட்டுவிட்டேன். சாவி எங்கே என்று விசாரி. மச்சானின் சாவிக்கொத்து ஸ்டேஷனில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, கார் ஊருக்கு வெளியே யார்டில். எங்களுக்கு அது தெரியாது. விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக யார்டுக்குப் போனோம். காசைக் கட்டி ரசீதும் வாங்கினோம். வேலி ஓரம் கார் நின்றது. முன்கண்ணாடியில் மஞ்சள் கிரேயானால் ஒரு எண்ணும் தேதியும் பெரிதாகக் கிறுக்கியிருந்தார்கள். காவலாளி கையை நீட்டி, "சாவி?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தினமும் நாலு பேர் இப்படித்தான் முழிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். மச்சானின் வீட்டுச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது. அதுவரை அக்கம்பக்கத்தில் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி கையில் வந்ததும் உடனே ஸ்டார்ட் பண்ணாதே. முதலில் நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடு. முன் பம்பரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார், கொக்கி மாட்டும்போது உரசும் இடம் அதுதான். நாலு சக்கரமும் இழுக்கிற ரகம் என்றால் எப்படித் தூக்கி வந்தார்கள் என்றும் கேள். அந்த ரகத்தில் இரண்டு சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுத்தால் கியர் பக்கம் கெட்டுப்போகும். கீறலோ நசுங்கலோ இருந்தால் கேட்டைத் தாண்டுவதற்குள் எழுதி வாங்கிவிடு. வெளியே வந்தபின் சொன்னால், எங்கள் இடத்தில் நடக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

உள்ளே இருந்த பொருளுக்குப் பட்டியல் போட்டிருப்பார்கள், அதன் நகலைக் கேட்டு வாங்கு. வண்டியைப் பிடித்ததும் உள்ளே இருப்பதை எழுதி வைப்பது போலீஸின் வழக்கமான வேலை. பொருள் தொலைந்துவிட்டது என்று பின்னால் யாரும் புகார் சொல்லக் கூடாது என்பதற்காக. அமெரிக்காவில் 1987-ல் பெர்ட்டீன் வழக்கு இப்படித்தான் உச்ச நீதிமன்றம்வரை போனது. கொலராடோவில் குடித்துவிட்டு வேன் ஓட்டியவரைப் பிடித்தார்கள். டோ வண்டி வருவதற்குள் பட்டியல் போடப் போனவர்களுக்கு முதுகுப்பையில் போதைப்பொருள் கிடைத்தது. வாரன்ட் இல்லாமல் பார்த்தது செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மச்சான் வண்டியில் அப்படிப்பட்ட புதையல் எதுவும் இல்லை. அவர்களுடைய பட்டியல்: "குடை 1, கறுப்புக் கண்ணாடி 1, சில்லறை, குழந்தை இருக்கை 1." அந்தக் கடைசி வரியை மச்சானின் மனைவி படித்துவிட்டு எதுவும் பேசாமல் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். இத்தனை அலைச்சலிலும் மச்சான் தலைகுனிந்து நின்றது அந்த ஒரு இடத்தில்தான். அபராதம் கட்டும்போதுகூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன்.

சரி, இனி உனக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன். காரை நீ எடுத்து வந்த மறுநாளே தம்பி வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்பான். அம்மாவும் பாவம் போகட்டும், ஒரு தரம் நடந்துவிட்டது என்பார்கள். அங்கேதான் நீ அசையக் கூடாது.

நியூ ஜெர்சியில் ஜான் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2000 ஜூலையில் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரைப் போலீஸ் கைது செய்து, பிறகு ஒரு நண்பரோடு அனுப்பியது. அந்த நண்பர் அவரை வீட்டில் விடவில்லை, கார் நின்ற இடத்துக்கே கூட்டிப்போனார். போதை தெளியாமலே அவர் ஓட்டிய அந்தக் கார், எதிரே வந்த ஜான் எலியட் என்ற இளம் கடற்படை அதிகாரியின் கார்மீது மோதியது. இரண்டு பேருமே இறந்துபோனார்கள். அடுத்த வருஷமே, குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் வண்டியை 12 மணி நேரம் போலீஸே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த நண்பரின் ஞாபகம்தான் விடாமல் வந்துகொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ராத்திரி நேரம், காரை அங்கேயே விட்டால் என்ன ஆகுமோ என்றுகூட நினைத்திருக்கலாம்.

அந்த 12 மணி நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஏறிய மதுவின் அளவு சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம் என்ற வேகத்தில்தான் இறங்கும். 0.15 இருந்தவருக்கு முழுசாக இறங்கப் பத்து மணி நேரம் ஆகும். ஈரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும், யாருக்காகவும் அவசரப்படாது. காபி குடித்தாலும் குளித்தாலும் தூக்கம்தான் கலையும், அளவு குறையாது. "காலையில் நல்லாத்தானே இருந்தான்" என்று நீ எழுதியிருக்கிறாய். நன்றாக இருப்பதாகத் தெரிவது வேறு, இறங்கியிருப்பது வேறு.

அதனால் அவனை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. வரிசையில் நிற்கட்டும், பணமும் அவன் பையிலிருந்தே போகட்டும். ஓட்டி வருவது நீ. லைசென்ஸ் என்ன ஆனது என்று தெரியும்வரை சாவியை அவன் கையில் கொடுக்காதே. முடக்கிய லைசென்ஸோடு ஓட்டிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம், தெரிந்தே கொடுத்தவர்மீதும் வழக்கு வரலாம். திரும்ப ஓட்ட அனுமதிக்கும்போது, ஊதினால்தான் எஞ்சின் கிளம்புகிற இன்டர்லாக் கருவியைப் பொருத்தச் சொல்லும் நீதிமன்றங்களும் உண்டு. மச்சான் காரில் அது இருக்கிறது. பாதி வழியில் திடீரென்று கத்தும், மறுபடி ஊத வேண்டும். குழந்தை அதை ஊதுகுழல் என்று நினைத்துக்கொண்டு தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. மச்சானுக்கு மானம் போகிறது, ஆனாலும் ஊதுகிறான்.

அம்மாவிடம் கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே? அது வேண்டாம். வீட்டில் சாவி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவன் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். நடந்தது தெரியாவிட்டால் எதற்காக மறுப்பார்கள்? பக்குவமாகச் சொல், ஆனால் முழுசாகச் சொல்லிவிடு. அழுவார்கள். தங்கை கல்யாணத்தின்போது நீ வேலையை விட்டதை மறைத்தாயே, அப்போது அழுததைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

என் பக்கம் பெரிய செய்தி எதுவும் இல்லை. மகள் வேலை மாறிவிட்டாள். இப்போதெல்லாம் என்னைப் போனில் கூப்பிட்டு மாத்திரை சாப்பிட்டாயா என்று மிரட்டுகிறாள். கண்புரைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை ராத்திரியில் நானும் ஓட்டுவதில்லை, எதிரே வரும் விளக்கெல்லாம் பூப்பூவாக விரிகிறது. நாம் இரண்டு பேரும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் போட்ட திட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை என்று கணக்குப் பார்த்தேன். கார் வாங்குவது மட்டும் நடந்தது, அதுவும் உனக்கு இப்படி.

நாளைக் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போன் போடு. தடை எப்போது நீங்கும், சாவி யாரிடம், பணமா கார்டா, இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள். வண்டி ரொம்ப நாள் நின்றிருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும். உள்ளே ஒயர் மாட்டிக் கிளப்ப சில யார்டுகள் விடமாட்டார்கள், அதையும் சேர்த்துக் கேள். எடுத்து வந்ததும் எனக்கு ஒரு வரி போடு.

தம்பியை நான் விசாரித்ததாகச் சொல். திட்டுகிற வேலையை நீ பார்த்துக்கொள்வாய் என்று தெரியும். அவன் பேச விரும்பினால் மச்சானின் நம்பர் தருகிறேன். நம் இரண்டு பேரையும்விட அவன் பேச்சு இப்போது எடுபடும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்