வேதாளத்தின் நிபந்தனையும் மூன்று கதவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊடாட்டப் புனைவு (வாசகரே தேர்வு செய்து நகர்த்தும் கதை) படிக்கிறவர்களுக்கு மாயாஜாலக் கதைகள் சலித்துவிட்டன, இனி அன்றாட வாழ்க்கையை எழுதுங்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. சலிப்பு இருப்பது உண்மைதான். டிராகன், வாள், பாழடைந்த கோட்டை என்று ஆரம்பித்ததுமே கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கட்டுரையாளர் சொல்லும் காரணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. அதே வாசகரிடம் ஒரு குடும்பக் கதையைக் கொடுங்கள். நடுவில் 'இடப்பக்கம் போகிறாயா, வலப்பக்கம் போகிறாயா' என்று மொட்டையாக ஒரு கேள்வி வந்தால் அதையும் அங்கேயே நிறுத்திவிடுவார்.

சலிக்க வைப்பது குருட்டுத் தேர்வு. சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று கதவுகள். எதன் பின்னால் என்ன இருக்கும் என்று ஊகிக்க முன்னால் ஒரு வரிகூட இல்லை. ஒன்றைத் தொட்டால் சாவு, மறுபடி முதலிலிருந்து. அது வெறும் சீட்டுக் குலுக்கல். மாயாஜாலக் கதைகளில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த உலகத்தின் சட்டதிட்டம் எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அதை முதலில் விளக்கினால் பத்துத் திரைக்குத் தேர்வே வராது. விளக்காமல் விட்டால் வாசகர் எதை வைத்து யோசிப்பார்? எழுதுகிறவர்கள் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கதையைப் படித்த ஒருவரிடமும் படிக்காத ஒருவரிடமும் தேர்வுகளை மட்டும் காட்டுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி விழித்தால் அந்தத் தேர்வை எடுத்துவிடலாம்.

மாயாஜாலத்திலேயே இதைச் சரியாகச் செய்த கதை நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிறான். அது ஒரு கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரமேறிவிடும். இரண்டு பக்கமும் நஷ்டம்; இரண்டு நஷ்டமும் முன்னாலேயே தெரியும். இப்படி எழுதப்பட்ட வேதாளக் கதையை எந்த வாசகரும் பாதியில் விடமாட்டார்.

ஊடாட்டப் புனைவு மாயாஜாலத்தோடு பிறந்ததற்கும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் க்ரவுதர் எழுதிய 'அட்வெஞ்சர்' என்ற கணினிச் சாகசக் கதையில் வரும் குகை வெறும் கற்பனை அல்ல. கென்டக்கியின் மாமத் குகையில் அவரே இறங்கி அளவெடுத்த பகுதி அது. குள்ளர்களையும் மந்திரச் சொல்லையும் அதற்குள் வைத்தார். 1977இல் டான் வுட்ஸ் என்ற நிரலாளர் அதை விரிவாக்கியபோது மாயம் இன்னும் கூடியது. குகை ஏன் வசதி என்றால், அதற்குச் சுவர் இருக்கிறது. வடக்கே வழி இல்லை என்றால் இல்லைதான்; வாசகர் சண்டைக்கு வரமாட்டார். ஊர் நடுவில் கதை நடந்தால் 'பக்கத்து வீட்டில் கேட்கலாமே, போன் போடலாமே' என்று ஆயிரம் வழி தோன்றும். அத்தனைக்கும் எழுதி முடியாது. வுட்ஸின் வடிவத்தில் விளக்கின் பேட்டரி தீர்ந்துகொண்டே வரும். இன்னும் உள்ளே போவதா, திரும்புவதா என்று வாசகரை யோசிக்க வைத்தது அந்த பேட்டரி. 1982இல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட 'டெட்லைன்' துப்பறியும் கதை. அதில் சுவரின் வேலையைக் கடிகாரம் செய்தது: துப்பறிய 12 மணி நேரம், அவ்வளவுதான்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சுவர்களும் கடிகாரங்களும் இலவசம். முதுமலை வழியாக பந்திப்பூர் போகும் சாலையில் இரவு 9 மணிக்குச் சோதனைச்சாவடியை மூடினால் சொந்த வண்டிக்குக் காலை 6 மணிக்குத்தான் வழி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத் தண்டவாளத்தில் மலை ரயில் ஏறும்போது யாரும் நினைத்த இடத்தில் இறங்கிப் போய்விட முடியாது. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இத்தனையும் கையில் இருக்க, இரவல் கோட்டை எதற்கு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம். இலை வண்டி 4 மணிக்கு ரோட்டுக்கு வரும். இப்போது மணி 3. இரண்டு வரிசை பறிக்க பாக்கி, அதில் காட்டெருமை ஒன்று நிற்கிறது. கதையை இயக்கும் நிரலில் மூன்றே மாறிகள் (தேர்வுக்குத் தேர்வு மாறும் அளவுகள்) போதும்: நேரம், எடை, இலையின் தரம். இருப்பதைக் கட்டி ரோட்டுக்கு இறக்கினால் எடை குறையும், தரம் நிற்கும். காட்டெருமை நகரும்வரை காத்திருந்து பறித்தால் 40 நிமிடம் போகும், 10 கிலோ சேரும். ஆனால் பறித்த இலை சாக்கில் அழுந்திச் சூடேறிச் சிவக்க ஆரம்பிக்கும், தரம் ஒரு படி இறங்கும். ஓடை வழியாகச் சுற்றிப் போனால் 15 நிமிடம்தான். ஆனால் அங்கே கரடி நடமாட்டம். இங்கே வாசகருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. சிவந்த இலைக்கு என்ன விலை கிடைக்கும், ஈர இலைக்கு எடையில் எப்படிக் கழிப்பார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். சமவெளி வாசகருக்கு என்றால் முன்னால் இரண்டு வரி போதும்.

பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். காத்திருக்கும் தேர்வில் நேரத்தைக் கூட்ட மறந்துவிடுவார்கள். வாசகர் மூன்று முறை காத்திருந்தாலும் வண்டி அவருக்காகவே நிற்கும். ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த எந்தத் தேர்வையும் அவர் நம்பமாட்டார். எழுதும்போது திரையின் அடியில் மூன்று மாறிகளையும் எண்ணாகக் காட்டும்படி வைத்துக்கொண்டு, வெளியிடும் முன் எடுத்துவிட்டால் இந்தப் பிழை தப்பாது.

இதே சரிவில் மாயத்தையும் நிறுத்தலாம். இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், பேய் மூன்று முறை கூப்பிடாது என்பார்கள். கதையின் தொடக்கத்தில் பாட்டி ஒருத்தி இதைச் சொல்லிவிடட்டும். பிறகு மூடுபனிக்குள் ஓடைப் பக்கமிருந்து அக்காவின் குரல் ஒரே ஒரு முறை கேட்கிறது. பதில் சொல்வதா, இல்லையா? பேயாக இருந்தால் உனக்கு ஆபத்து. அக்காவாக இருந்து எதிரில் கரடி நின்றால் அவள் இரண்டாம் முறை கூப்பிடப் போவதில்லை. இதை மாயாஜாலம் என்று ஒதுக்கிவிட்டால் நல்ல எழுத்தை இழக்கிறோம்.

கிளைகளின் கணக்கைக் கட்டுரையாளர் தொடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தேர்வு, பத்து முறை என்றால் கடைசி வரிசையில் மட்டும் 1,024 பகுதிகள், மொத்தம் 2,047. யாராலும் எழுதி முடியாது. நான்காவது கிளையிலேயே களைத்துப்போய் எல்லாரையும் டிராகன் வாயில் போட்டு முடித்த கதைகள் ஏராளம். கிளைகளை மறுபடி ஒரே பாதையில் சேர்த்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கேள்வியும் இரண்டு விளைவுமாக மூன்று பகுதி, பத்துச் சுற்றுக்கு 30, முடிவு ஒன்று: ஆக 31. ஆனால் சேர்த்த பிறகு முந்தைய தேர்வின் தடம் எங்காவது தெரிய வேண்டும். எடை, தரம் போன்ற மாறிகள் அதற்குத்தான். முடிவில் அந்த எண்களைப் பார்த்து மூன்று வெவ்வேறு பத்திகளில் ஒன்றைக் காட்டினால், 33 பகுதியில் நிறைவான கதை கிடைக்கும்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள். கட்டளையைத் தட்டச்சு செய்யும் கதைகளில் 'கதவைத் திற', 'கதவை திற', 'கதவ தொற' எல்லாம் ஒன்றென்று நிரலுக்குத் தெரிய வேண்டும்; அதனால் தொட்டுத் தேர்வு செய்யும் வடிவமே நமக்கு எளிது. வாசகரின் பெயரைக் கேட்டு வாங்கி அதோடு 'ஐ' ஒட்டினால் 'ராதாஐ' என்று வரும். முருகனை, ராதாவை, செல்வத்தை என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மூன்று பெயர்களை நாமே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வேற்றுமை வடிவங்களைச் சேமித்துவைப்பதே வழி. 'நீ' என்று எழுதினால் வந்தான், வந்தாள் பிரச்சினை இல்லை. மற்ற பாத்திரங்கள் வாசகரைக் கூப்பிடும்போதுதான் சிக்கல். தொடக்கத்திலேயே 'சின்னப் பிள்ளைகள் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள், அண்ணன் என்றா, அக்கா என்றா?' என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. எழுத்துகளைத் தனித்தனியே ஆட்டும் அலங்காரங்களைத் தொடவே வேண்டாம்: கொம்பும் காலும் கழன்று புள்ளி வட்டத்தோடு நிற்கும்.

ஊடாட்டக் கதை எழுத உதவும் ட்வைன் செயலி இலவசம், தமிழ் எழுத்துருவில் தடையில்லை. கதை முழுவதும் உலாவியில் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், படம், ஒலி எதையும் வெளியிலிருந்து இழுக்காதவரை, கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனைச் சரிவில் சிக்னல் போனாலும் படிக்கலாம். உலாவியிலேயே எழுதுகிறவர்கள் தினமும் காப்புக் கோப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். உலாவியின் சேமிப்பைத் துடைத்தால் கதையும் போய்விடும்.

அச்சில் வெளியிடுவதானால், ஒரே முடிவுள்ள 31 பகுதியையும் 60 சொல்லுக்குள் எழுதினால் ஏறக்குறைய 1,860 சொற்கள். உங்கள் இதழில் ஒரு சிறுகதையின் இடம்தான். பகுதிகளின் எண்களைக் கலைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பகுதி கண்ணில் பட்டுவிடும். எந்தப் பகுதிக்கும் வழி இல்லாமல் போகவில்லையே என்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள். வாசகர்களிடம் கதை கேட்கும் அறிவிப்பில் 'மாயாஜாலம் வேண்டாம்' என்ற நிபந்தனை இல்லாமல், ஒவ்வொரு தேர்வின் ஆபத்தும் தேர்வுக்கு முன்னால் எந்த வரியில் சொல்லப்பட்டிருக்கிறது என்று குறித்து அனுப்பும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஊடாட்டக் கதை எழுதும் வாசகர்கள்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.