அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த மூடி

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டாயே: "கிரேக்கர்களின் வானியலை அரபுக்காரர்களும் பாரசீகர்களும் மொழிபெயர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதானே அப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

நேற்று அடுக்களையிலிருந்து விளிம்பு வைத்த ஒரு தட்டையும், அகலத்தில் அதற்குச் சரிபாதியான ஒரு டப்பா மூடியையும் எடுத்து வந்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, தட்டின் உள்விளிம்பை ஒட்டியே உருட்டினேன். முதலில் வழுக்கியது. மூடிக்கு ரப்பர் பேண்ட் மாட்டியதும் பிடித்துக்கொண்டது. மூடி வட்டமாகத்தான் உருள்கிறது. பொட்டு மட்டும் தட்டின் நடுவே நேர்கோட்டில் போய், அதே கோட்டில் திரும்புகிறது! கணக்கு வாத்தியாராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன், கண்ணால் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

இது 13ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி என்ற பாரசீக அறிஞர் கண்டது. மங்கோலிய அரசர் ஹுலாகு கானின் ஆதரவில் 1259இல் ஈரானின் மராகாவில் வான் ஆய்வகம் தொடங்கியவர். பூமியை நடுவில் வைத்த பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் கணக்கில் கோளின் வட்டத்துக்கு மையம் ஓரிடம், சீரான வேகமோ வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான். தன் அச்சைப் பற்றிச் சீராகச் சுழலாத சக்கரம் எப்படி ஓடும்? இந்த உறுத்தலைத் தீர்க்கத்தான் அவர் சீராகச் சுழலும் இரண்டு வட்டங்களைக் கோத்தார். புதன் மட்டும் அவருக்கு மசியவில்லை. அதை அவரே எழுதியும் வைத்தார்.

அப்புறம் டமாஸ்கஸில் இப்னு அல்ஷாத்திர் (1304–1375). உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பது அவர் வேலை. தாலமி சொன்னபடி பார்த்தால் சில அஷ்டமிகளில் நிலா ஏறக்குறைய இருமடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்ப் பார், அப்படியா தெரிகிறது? அவர் ஒரு சிறு வட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்து அதைச் சரிசெய்தார். கோப்பர்னிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலிலும் நிலாவுக்கு அதே அமைப்புதான். எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்னும் வாதாடுகிறார்கள். பூமியை நடுவிலிருந்து நகர்த்தியது கோப்பர்னிக்கஸ்தான், சரி. ஆனால் பத்திரமாக வைத்திருந்தவர்கள் செய்கிற வேலையா இது?

மூடி இன்னும் என் மேசையில்தான். அம்மா நேற்றிலிருந்து தேடுகிறாள். போன் பண்ணும்போது உளறிவிடாதே.

அன்புடன்,
அப்பா