ஜப்பானின் கியோட்டோ நகருக்குக் குழு அழைத்துவரும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே,

வணக்கம். ஹிகாஷியாமா பகுதியில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். கியோமிசு கோயிலுக்கும் அதன் சரிவுத் தெருக்களுக்கும் நீங்கள் ஒதுக்கும் முக்கால் மணி நேரம் போதாது. தயவுசெய்து அதைக் கூட்டுங்கள்.

போன வாரம், மழை விட்ட கையோடு, கோயிலுக்குப் போகும் சன்னென்சாகா தெருவின் கல்படிகளில் நம் ஊர் அம்மா ஒருவர் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். கீழே கொடியோடு நின்ற குழு வழிகாட்டி, "பஸ் நிக்காது, சீக்கிரம் வாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவசரத்தில் ஈரக் கல்லில் கால் வழுக்கி அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து நாற்காலி போட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அங்கே விழுந்தால் மூன்று ஆண்டில் உயிர் போகும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதற்குப் பரிகாரமாகச் சுரைக்குடுவை விற்கும் கடையும் அங்கேயே இருக்கிறது. அதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. "மேலே போய்ச் சேரவே நேரம் சரியாப் போச்சுப்பா, கோயிலை எங்க பாத்தேன்" என்றார் அவர். பென்ஷன் பணத்தைச் சேர்த்து வைத்து வந்தவர்.

அந்தக் கோயிலில் இருப்பது 1633இல் திரும்பக் கட்டிய மரமண்டபம். அதன் மேடையில் நின்று நகரத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் ஏறுவது? இறங்கும் வழியில் நினென்சாகா தெரு, அதைத் தாண்டினால் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே யசாகா கோபுரம். இந்தத் தெருக்களை 1976லேயே பாரம்பரியப் பகுதியாக அறிவித்துக் காப்பாற்றி வைத்திருப்பது நின்று நடந்து பார்க்கத்தான். முக்கால் மணி நேரத்தில் இதை யாரால் பார்க்க முடியும்?

நாரா நகரம், பொன்மண்டபக் கோயில், ஃபுஷிமி இனாரி ஆலயம் என எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கிறீர்கள். அப்புறம் பயணிகள் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், கண்ட இடத்தில் படமெடுக்கிறார்கள் என்று பழி அவர்கள் மேல் விழுகிறது. கெய்ஷா கலைஞர்களின் பகுதியான கியோனில் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் அபராதம் என்று 2024இல் பலகை வைக்கும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது. மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கூட்டிவருகிறவர்களுக்கு இதில் பொறுப்பே இல்லையா?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. குழுவை அப்போதே கொண்டுவந்து விடுங்கள், மூன்று மணி நேரம் கொடுங்கள். ஏற்றமும் படிகளும் உண்டு என்பதைப் பணம் கட்டும் முன்பே வயதானவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இலையுதிர்காலக் குழுக்களுக்கான திட்டம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், அதிலேயே இந்த மாற்றத்தைச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹிகாஷியாமாவாசி ஒருவன்